மலேசியா 121, இந்தோனேசியா 122: இந்தத் தரவரிசைச் சண்டையில் யார் பக்கம் நியாயம்?

கிள்ளான்காரன் | இரவு 8:14

உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவின் 2025 டிசம்பர் தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டது. நவம்பரில் 116இல் இருந்த நாம் 121க்கு இறங்கிவிட்டோம். இந்தோனேசியா 122. ஒரே ஒரு படி. காலையிலிருந்து இந்தோனேசிய ரசிகர்கள் நம் பக்கங்களுக்கெல்லாம் வந்து "அடுத்த பட்டியலில் பார்க்கலாம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். நம்மவர்களும் விடுவதாக இல்லை. எது எழுதினாலும் "122" என்று எண்ணை மட்டும் பதிலாகப் போடுகிறார்கள்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இறங்கினாலும் நாம்தான் மேலே. 2018 மார்ச்சில் 178இல் கிடந்த அணி இது. அங்கிருந்து ஏறி, இந்த அக்டோபரில் 118க்குப் போய் இந்தோனேசியாவைத் தாண்டினோம். ஐரோப்பாவில் பிறந்து வளர்ந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு ஒரு முழு அணியே கட்டியும் அவர்கள் நமக்குக் கீழேதான் நிற்கிறார்கள். இதில் பெருமைப்படக் கூடாது என்று யாராவது சொன்னால், ஏன் என்று விளக்குங்கள்.

ஜகார்த்தாவாசி | இரவு 8:31

தம்பி, நான் பேராக்கில் பிறந்தவன். வேலை ஜகார்த்தாவில், மனைவி மேடான் தமிழர். வீட்டில் இப்போது எல்லாருக்கும் இந்தோனேசியாவின் சிவப்புச் சட்டைதான். ஆகவே நான் எந்தப் பக்கம் என்று ஒளிக்கவில்லை.

2026 உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றை எடுத்துக்கொள்வோம். தரவரிசையில் மேலே இருந்ததால் மலேசியா முதல் சுற்றை ஆடவே வேண்டியிருக்கவில்லை, நேராக இரண்டாம் சுற்று. இந்தோனேசியா முதல் சுற்றில் புருணையோடு ஆட வேண்டியிருந்தது. இரண்டு ஆட்டத்திலும் ஆறு ஆறு கோல் போட்டுவிட்டு இரண்டாம் சுற்றுக்கு வந்தது. அப்புறம் என்ன ஆனது? மலேசியா இரண்டாம் சுற்றிலேயே நின்றுபோனது. ஓமன் 13, கிர்கிஸ்தான் 11, மலேசியா 10. இந்தோனேசியா வியட்நாமை ஜகார்த்தாவிலும் ஹனோயிலும் வென்று மூன்றாம் சுற்றுக்குப் போனது, அங்கிருந்து நான்காம் சுற்றுக்கும் போனது.

2024 நவம்பரில் சவூதி அரேபியாவை 2-0 என்று வென்ற இரவு நான் ஜகார்த்தாவின் கெலோரா புங் கர்னோ அரங்கில் இருந்தேன். இரண்டு கோலும் மார்செலினோ ஃபெர்டினான். இரண்டாவது கோல் விழுந்ததும் பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா என் கையை இறுக்கிப் பிடித்தார், ஆட்டம் முடியும்வரை விடவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே இந்தோனேசியா 134, மலேசியா 138 என்று ஆகிவிட்டது. ஒன்றரை ஆண்டு கீழே இருந்துவிட்டு, இரண்டு மாதம் மேலே வந்ததும் இவ்வளவு சத்தமா?

கிள்ளான்காரன் | இரவு 8:40

அண்ணே, நான்காம் சுற்றுக்குப் போனார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேருக்கு நேர் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. 2019 செப்டம்பரில் அதே புங் கர்னோவில் 2-1 என்று பின்தங்கியிருந்தோம். ஷாஃபிக் அஹமட் சமன் செய்தார். 97ஆவது நிமிடத்தில் சுமாரே கோல் போட்டு 3-2. ரசிகர்கள் பொருள்களை வீசி ஆட்டமே நடுவில் நின்றது, நம் ஆள்கள் அரங்கை விட்டு வெளியே வர முடியாமல் தவித்தார்கள். நவம்பரில் நம் புக்கிட் ஜாலில் அரங்கில் சஃபாவி ரஷீட் இரண்டு கோல், 2-0. ஒரே தகுதிச் சுற்றில் வெளியிலும் வீட்டிலும் வென்றிருக்கிறோம்.

ஜகார்த்தாவாசி | இரவு 8:44

2021 டிசம்பரில் தென்கிழக்காசிய அணிகளின் ஏஎஃப்எஃப் கிண்ணத்தில் 4-1 என்று தோற்றதையும் சேர்த்து எழுது.

தெம்பனிஸ் சிங்கம் | இரவு 8:52

இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், நடுவில் நான் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த ஏஎஃப்எஃப் கிண்ணத்தை, அதாவது ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்தை, இந்தோனேசியா ஆறு முறை இறுதி ஆட்டத்தில் தோற்றிருக்கிறது, ஒரு முறையும் வென்றதில்லை. மலேசியா 2010இல் ஒரு முறை. சிங்கப்பூர் நான்கு முறை: 1998, 2004, 2007, 2012. அந்த 2012இல் புக்கிட் ஜாலிலிலேயே மலேசியாவை 3-0 என்று வென்றோம்.

இந்த நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கை அதன் சொந்த அரங்கில் 2-1 என்று வென்று 2027 ஆசியக் கிண்ணத்துக்குப் போகிறோம். 1984இல் ஏற்று நடத்திய நாடு என்பதால் ஆடினோம். தகுதி பெற்றுப் போவது இதுதான் முதல் முறை. தரவரிசையில் உங்கள் இரண்டு பேருக்கும் கீழே இருந்துகொண்டுதான் இதைச் செய்தோம்.

வியாசர்பாடி விங்கர் | இரவு 9:05

சென்னையிலிருந்து ஒரு கேள்வி. உங்கள் சண்டையை ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரியாதது இதுதான். இந்தோனேசியா அக்டோபரில் சவூதியோடும் ஈராக்கோடும் ஆடியது. சவூதியிடம் 3-2, ஈராக்கிடம் 1-0, இரண்டுமே ஒரு கோல் தோல்விதான். அதே வாரத்தில் மலேசியா லாவோஸோடு இரண்டு மேட்ச் ஆடி ஜெயித்தது. உடனே மலேசியா மேலே, இந்தோனேசியா கீழே. சவூதியோடு கடைசி வரை மல்லுக்கட்டிய அணியைவிட லாவோஸை அடித்த அணி எப்படிப் பெரிய அணி ஆகும்? கணக்கு தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

புள்ளிக்கணக்கு | இரவு 9:38

நல்ல கேள்வி. இந்தச் சண்டையின் வேரே இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

2018 ஆகஸ்டிலிருந்து ஃபிஃபா கையாளும் முறை சதுரங்கத்தில் உள்ள ஈலோ முறையைத் தழுவியது. ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளுக்கும் இருக்கும் புள்ளி இடைவெளியை வைத்து, யார் எவ்வளவு தூரம் வெல்லக்கூடும் என்று 0க்கும் 1க்கும் இடையில் ஓர் எதிர்பார்ப்பு எண்ணைப் போடுகிறார்கள். வெற்றிக்கு 1, சமனுக்கு 0.5, தோல்விக்கு 0. கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்து, ஆட்டத்தின் எடையால் பெருக்கினால் வருவதுதான் கூடும் அல்லது குறையும் புள்ளி.

எடை என்பது ஆட்டத்தின் மதிப்பு. ஃபிஃபா நாள்காட்டிக்கு, அதாவது தேசிய அணிகள் ஆடுவதற்கென்று அது ஒதுக்கும் நாள்களுக்கு, வெளியே நடக்கும் நட்புமுறை ஆட்டத்துக்கு 5. நாள்காட்டிக்குள் நடந்தால் 10. தகுதிச் சுற்று 25. ஆசியக் கிண்ண இறுதிக்கட்டப் போட்டிகள் 35, காலிறுதியிலிருந்து 40. உலகக் கிண்ணம் 50, காலிறுதியிலிருந்து 60.

இப்போது அக்டோபருக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க, மலேசியாவுக்கும் லாவோஸுக்கும் 250 புள்ளி இடைவெளி, சவூதிக்கும் இந்தோனேசியாவுக்கும் அதே 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பு எண் பலமான அணிக்கு ஏறக்குறைய 0.72, மற்றதுக்கு 0.28. இரண்டுமே தகுதிச் சுற்று, எடை 25. லாவோஸை வென்ற மலேசியாவுக்கு 25ஐ 0.28ஆல் பெருக்கி, சுமார் 7 புள்ளி கூடும். சவூதியிடம் தோற்ற இந்தோனேசியாவுக்கு அதே பெருக்கல், அதே 7 புள்ளி குறையும். இரண்டு இரண்டு ஆட்டம். ஒரு பக்கம் 14 ஏறியது, இன்னொரு பக்கம் 14 இறங்கியது. அவ்வளவுதான்.

அதாவது லாவோஸோடு ஆடி வெல்வதும், சவூதியோடு ஆடித் தோற்பதும் இந்தக் கணக்கில் ஒரே அளவு, திசைதான் வேறு. கோல் வித்தியாசம் எண்ணப்படாது. சவூதியிடம் 3-2 என்று தோற்றாலும் 6-0 என்று தோற்றாலும் அதே 7. சொந்த அரங்கா, வெளி அரங்கா என்பதும் கணக்கில் இல்லை.

இன்னொன்று. நீங்கள் உயிரைக் கொடுத்துப் பேசும் ஆசியான் கிண்ணம் பெரும்பாலும் ஃபிஃபா நாள்காட்டிக்கு வெளியே நடக்கிறது, எடை 5. மலேசியாவும் இந்தோனேசியாவும் சம புள்ளியில் இருந்து அங்கே மோதினால் வென்றவருக்குக் கிடைப்பது 2.5. தகுதிச் சுற்றில் மோதினால் 12.5. எந்த ஆட்டத்துக்காக ரசிகன் தூக்கம் கெட்டு வரிசையில் நிற்கிறானோ, அதற்கு இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த விலை.

வியாசர்பாடி விங்கர் | இரவு 9:50

இப்போது புரிகிறது. அப்படியென்றால் அந்த 118 தப்புக் கணக்கு இல்லை. மலேசியா அந்த வாரம் யாரோடு ஆட வேண்டியிருந்தது என்பதுதான் பாதி விஷயம்.

கிள்ளான்காரன் | இரவு 9:58

லாவோஸ் என்று எல்லாரும் சொல்வதைப் பார்த்தால் நாம் எளிய அணிகளைத் தேடிப் போன மாதிரி தோன்றும். அது ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று, குலுக்கலில் வந்த எதிரணி. கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவோடு 3-3 சமன் செய்தது யார்? ஆட்டத்தின் 105ஆவது நிமிடத்தில் ரோமல் மொராலஸ் போட்ட கோலை இன்னும் நினைத்தால் புல்லரிக்கிறது. அதற்கு என்ன கிடைத்தது?

புள்ளிக்கணக்கு | இரவு 10:06

ஒரே சமன் ஆட்டத்துக்கு 12, 13 புள்ளி. லாவோஸை வெல்வதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. ஆனால் அதே குழுவில் ஜோர்தானிடம் 4-0, பஹ்ரைனிடம் 1-0 என்று தோற்றதால் வந்த புள்ளி நிற்கவில்லை.

பழைய ஈப்போ | இரவு 10:20

பிள்ளைகளே, இந்தப் பட்டியல் 1990களில் வந்த சமாச்சாரம். நாங்கள் ஆட்டம் பார்க்கத் தொடங்கியபோது எண்ணும் இல்லை, புள்ளியும் இல்லை. 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியை எத்தனையாவது இடம் என்று எழுதுவீர்கள்? அரசாங்கம் புறக்கணிப்பில் சேர்ந்ததால் அவர்கள் மாஸ்கோ போகவே இல்லை. கோல் காத்த ஆறுமுகத்தை "ஸ்பைடர்மேன்" என்றுதான் நாடே கூப்பிட்டது. அவர் எகிறிப் பிடித்த பந்துகளுக்கு எந்தப் பட்டியலில் எடை இருக்கிறது?

2010ஐயும் சொல்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 5-1 என்று அடி வாங்கினோம். அதே மாதம் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் ஆசியான் கிண்ண இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம். அரங்கிலிருந்து சிலர் லேசர் விளக்கு அடித்ததால் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலை விட்டு வெளியேறி, ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கியது. லேசர் அடித்தது வெட்கக்கேடு, அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு நிமிடத்துக்குள் மூன்று கோல். சாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. 29ஆம் தேதி ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணம் நமக்கு. டிசம்பர் 31 நாடு முழுக்க விடுமுறை விட்டார்கள். பயிற்றுநர் நம்ம கே. ராஜகோபால். செத்தாப்பாக்கில் ஆடி வளர்ந்த பையன். கிண்ணத்தோடு அவரைப் பார்த்தபோது என் வீட்டில் எல்லாரும் அழுதோம்.

அந்த மாதம் நாம் எத்தனையாவது இடத்தில் இருந்தோம் என்று இங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஜகார்த்தாவாசி | இரவு 10:27

ஐயா, அந்த இரவு புங் கர்னோவில் 2-1 என்று வென்றும் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அழுதவர்கள் இங்கே நிறையப் பேர். நீங்கள் ராஜகோபால் பெயரைச் சொன்னால் என் மாமனார் இன்றும் எழுந்து போய்விடுவார்.

பட்டர்வொர்த் அக்கா | இரவு 10:45

எல்லாரும் சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள், 116 எப்படி 121 ஆனது என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. நான் சொல்கிறேன்.

செப்டம்பர் 26ஆம் தேதி ஃபிஃபா நம் மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது. வெளிநாட்டில் பிறந்து நமக்கு ஆடிய ஏழு ஆட்டக்காரர்களுக்கு 12 மாதத் தடை. தாத்தா பாட்டி பிறந்த இடம் மலேசியா என்று காட்டிய பத்திரங்கள் திருத்தப்பட்டவை என்பது ஃபிஃபாவின் முடிவு. மூலப் பதிவுகளில் அர்ஜெண்டினா, ஸ்பெயின், பிரேசில், நெதர்லாந்து என்று இருந்ததாக அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடி. இந்த மாதம் மூன்று நட்புமுறை ஆட்டங்களை 3-0 தோல்வி என்று மாற்றிவிட்டார்கள். கேப் வெர்டேயோடு 1-1, சிங்கப்பூரோடு 2-1, பாலஸ்தீனத்தோடு 1-0 என்று முடிந்த ஆட்டங்கள் அவை. அதனால்தான் ஐந்து படி போனது.

அந்த அறிக்கையில் எங்கள் பினாங்கு மாநிலத்தின் பெயரும் வருகிறது. என் தாத்தா தோட்டத்திலிருந்து வந்து பிறப்புப் பத்திரம் வாங்க எவ்வளவு அலைந்தார் என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டவள் நான். பத்திரம் இல்லாமல், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய தமிழர்களை எனக்குத் தெரியும். இந்த மண்ணில் பிறந்ததை நிரூபிக்க முடியாமல் அவர்கள் நின்றார்கள். தரவரிசையில் நாலு படி ஏறுவதற்காக யாரோ ஒருவருடைய தாத்தா என் ஊரில் பிறந்தார் என்று தாளில் எழுதப்பட்டிருந்தால், எனக்கு அந்த நாலு படி வேண்டாம். கிள்ளான் தம்பி, ஏன் பெருமைப்படக் கூடாது என்று கேட்டாய். என் பதில் இதுதான்.

கிள்ளான்காரன் | இரவு 11:02

அக்கா, நீங்கள் சொல்வது வலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நிர்வாகத்தில் நடந்த தவறு என்றுதான் சங்கம் சொல்கிறது. வழக்கு விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. முடிவு வரட்டும். அந்த ஏழு பேரைத் தவிர மற்ற ஆட்டக்காரர்கள் இத்தனை வருடம் ஓடினார்களே, 178லிருந்து ஏறியதில் பெரும்பகுதி அவர்கள் உழைப்பு. 2019இல் புங் கர்னோவில் அடித்த கோலுக்கும் இந்தப் பத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? அதை யாரும் கழிக்க முடியாது.

ஜகார்த்தாவாசி | இரவு 11:10

இதனால்தான் எங்களையும் உங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள் என்கிறேன். ஜே இட்செஸ், தோம் ஹாயே போன்றவர்கள் நெதர்லாந்தில் பிறந்தவர்கள்தான். ஆனால் குடும்பத்தின் வேர் இங்கே. டச்சுக்காரர்கள் முந்நூறு வருடத்துக்கும் மேல் இங்கே இருந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு கலப்புக் குடும்பங்களைச் சேர்ந்த லட்சக்கணக்கானவர்கள் அங்கே கப்பலேறினார்கள். அந்தப் பேரப்பிள்ளைகள்தான் திரும்பி வருகிறார்கள்.

பட்டர்வொர்த் அக்கா | இரவு 11:15

பத்திரம் நேராக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை அண்ணே. ஆனால் ஜகார்த்தாவிலும் உள்ளூர்ப் பையன்கள் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். எண் ஏற வேண்டும் என்ற அவசரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

நெறியாளர் | இரவு 11:18

ஏழு ஆட்டக்காரர்களின் பெயரைப் போட்டு வசை எழுதியிருந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வழக்கு நடக்கிறது. தீர்ப்பு பற்றிப் பேசுங்கள், ஆள்களைத் திட்ட வேண்டாம்.

தெம்பனிஸ் சிங்கம் | இரவு 11:36

அந்த மூன்று ஆட்டங்களில் ஒன்று எங்களோடு நடந்தது. செப்டம்பர் 4, புக்கிட் ஜாலில். நான் போயிருந்தேன். மதியம் பேருந்து ஏறி, எல்லைப் பாலமான காஸ்வேயில் கடப்பிதழ் வரிசையில் நின்று, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குத்தான் உள்ளே போனேன். 2-1 என்று தோற்றோம். திரும்பி வரும்போது பேருந்தில் யாரும் பேசவில்லை. உட்லண்ட்ஸ் வந்து சேர்ந்தபோது பொழுது விடியப் போகிறது.

இப்போது ஃபிஃபா அதை எங்களுக்கு 3-0 வெற்றி என்று எழுதிவிட்டது. விதிப்படி சரிதான், தண்டனை வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் மலேசியாவை வெல்வது என்றால் எங்களுக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். மலேசியக் கிண்ணத்தில் ஆடிய காலத்திலிருந்து வரும் பகை இது. 1994இல் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வென்றுவிட்டு வெளியேறினோம், அதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் சுந்தரமூர்த்தி பந்தை எடுத்தால் காலாங் அரங்கில் எழும்பும் சத்தத்தை என் அப்பா வாயால் போட்டுக் காட்டுவார். அப்படிப்பட்ட வெற்றி தபாலில் வரக்கூடாது. அந்த மூன்று கோலை நான் கணக்கில் வைக்க மாட்டேன். அடுத்த முறை திடலில் போடுவோம்.

கிள்ளான்காரன் | இரவு 11:41

இதைச் சொன்னதற்கு நன்றி ப்ரோ. அடுத்த முறை நீங்கள் வரும்போது சொல்லுங்கள், ஆட்டத்துக்கு முன் மாமாக் கடையில் உட்காரலாம். ஆட்டம் தொடங்கியதும் நீங்கள் உங்கள் பக்கம், நான் என் பக்கம்.

புள்ளிக்கணக்கு | இரவு 11:49

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நாள்காட்டிக்குள் நடந்த நட்புமுறை ஆட்டத்தில் வெற்றி தோல்வியாக மாறினால் 10 புள்ளி போகும், சமன் தோல்வியானால் 5. மூன்றும் சேர்ந்து 20க்கு மேல் போய்விட்டது. சிங்கப்பூருக்குக் கிட்டத்தட்ட 10 புள்ளி வந்திருக்கிறது. அந்த 3-0ஐ 1-0 என்று எழுதியிருந்தாலும் இதே புள்ளிதான்.

இன்னும் பெரியது பின்னால் நிற்கிறது. தகுதிச் சுற்றில் மார்ச்சில் நேபாளத்தை 2-0, ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்ற ஆட்டங்களின் கதி இன்னும் முடிவாகவில்லை. அவை எடை 25. இரண்டும் தோல்வியாக மாறினால் 50 புள்ளி போகும். அப்போது 121, 122 என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

வியாசர்பாடி விங்கர் | நள்ளிரவு 12:10

எங்கள் கதையையும் கேளுங்கள். 2023 ஜூலையில் இந்தியா 99. பெங்களூரு கண்டீரவா அரங்கில் குவைத்தை பெனால்டியில் ஜெயித்து தெற்காசிய அணிகளின் சாஃப் கோப்பை வாங்கிய நேரம். நூறுக்குள் வந்துவிட்டோம் என்று வியாசர்பாடியில் பசங்க பட்டாசு வெடிக்காத குறை. 2025 நவம்பரில் 142. இரண்டரை வருடத்துக்குள் இவ்வளவு.

இதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. 2027 ஆசியக் கோப்பை தகுதிச் சுற்றுக்கான குலுக்கல் தரவரிசைப்படி நடந்தது. இந்தியா முதல் வரிசை, ஹாங்காங் இரண்டு, சிங்கப்பூர் மூன்று, வங்காளதேசம் நான்கு. நவம்பர் ஆட்டங்களுக்குப் பிறகு அந்தக் குழுவில் சிங்கப்பூர் 11 புள்ளியோடு முதலிடம், ஹாங்காங் 8, வங்காளதேசம் 5, இந்தியா 2. அக்டோபரில் கோவாவில் நாங்கள்தான் முதல் கோல் போட்டோம். அப்புறம் சோங் உய்-யங் இரண்டு போட்டு 2-1. நவம்பரில் டாக்காவில் வங்காளதேசத்திடம் 1-0. அவர்களிடம் தோற்றது 2003க்குப் பிறகு இதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஊர்வலமே போனார்கள். அவர்கள் கொண்டாடியதில் நியாயம் இருக்கிறது. தரவரிசையில் எங்களைவிட எத்தனையோ படி கீழே இருந்தார்கள், ஆட்டத்தில் அது தெரியவே இல்லை.

ஆகவே கிள்ளான் நண்பரே, எண் மேலே இருக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கால் எங்கே போகிறது என்று தெரியாது. எங்களுக்கு அதுதான் நடந்தது.

தெம்பனிஸ் சிங்கம் | நள்ளிரவு 12:19

கோவா ஆட்டத்தை வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். இந்தியா மேலே, நாங்கள் 150களில். முதல் கோல் விழுந்ததும் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

எங்கள் ஊரில் கோல்காவலர் ஹசன் சன்னியின் நாசி லெமாக் சாப்பாட்டுக் கடை கதை தெரியும்தானே? 2024 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், பாங்காக்கில் தாய்லாந்திடம் 3-1 என்று தோற்றோம். ஆனால் அவர் பதினொரு பந்துகளைத் தடுத்ததால் தாய்லாந்துக்குத் தேவையான கோல் வித்தியாசம் வரவில்லை, சீனா அடுத்த சுற்றுக்குப் போனது. மறுநாளிலிருந்து தெம்பனிஸில் உள்ள அவர் கடைக்குச் சீன ரசிகர்கள் வரிசை கட்டி வந்தார்கள். அந்த ஆட்டத்தில் எங்களுக்குத் தரவரிசையில் குறைந்ததுதான். ஆனால் அந்தக் கோல்காவலர் பெயர் ஒரு பெரிய நாட்டுக்கே தெரிந்தது.

ஜகார்த்தாவாசி | நள்ளிரவு 12:25

புள்ளிக்கணக்கு அண்ணே, ஒரு சந்தேகம். 2016இல் இந்தோனேசியா 191க்குப் போனதே, அது ஏன்? அந்த வருடக் கடைசியில் ஏஎஃப்எஃப் இறுதி ஆட்டம் வரை போனோம்.

புள்ளிக்கணக்கு | நள்ளிரவு 12:40

2015 மே கடைசியில் அரசாங்கத் தலையீடு காரணமாக ஃபிஃபா இந்தோனேசியச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. தடை நீங்க ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆனது. அன்றைய பழைய கணக்கு முறையில் ஆண்டுவாரியாக ஆட்டங்களின் சராசரியைப் பார்ப்பார்கள். ஆட்டமே இல்லாத ஆண்டு என்றால் சராசரி சரிந்துவிடும். அப்படித்தான் 2016 ஜூலையில் 191. ஆட்டக்காரர்கள் அதே ஆட்டக்காரர்கள்தான், டிசம்பரில் இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தோடு நின்றார்கள்.

அந்தப் பழைய முறையில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. நட்புமுறை ஆட்டங்கள் சராசரியைக் கீழே இழுக்கும். 2018 உலகக் கிண்ணக் குலுக்கலுக்கு முன் போலந்து நட்புமுறை ஆட்டங்களைத் தவிர்த்தே முதல் வரிசையில் இடம் பிடித்தது. பிறகு ரஷ்யாவில் முதல் சுற்றோடு வெளியேறியது. அதனால்தான் முறையை மாற்றினார்கள். இப்போது ஆடாமல் இருந்தால் புள்ளி அப்படியே நிற்கும். இந்தோனேசியா நவம்பரில் ஆடவே இல்லை, அதே 122.

அதற்காக எண் வெறும் அலங்காரம் என்று விட்டுவிடவும் முடியாது. ஜகார்த்தா அண்ணன் சொன்ன புருணை ஆட்டம் அந்த எண்ணால் வந்ததுதான். குலுக்கலில் எந்த வரிசை என்பதும் அதனால்தான். அடுத்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலும் இதே கதை வரும். சண்டை போடுங்கள், ஆனால் மாதாமாதம் ஒரு படிக்குப் போடுவதைவிட, உங்கள் சங்கம் எந்த மாதம் யாரோடு ஆட ஒப்பந்தம் போடுகிறது, யார் பெயரைப் பட்டியலில் சேர்க்கிறது என்பதில் போடுங்கள். படி அங்கே தீர்மானமாகிறது.

பழைய ஈப்போ | நள்ளிரவு 12:52

தம்பி சொல்வது சரி. எங்கள் காலத்தில் தோட்டத்துத் திடலில் ஆடும் பையனைத் தேடி மாநிலச் சங்கத்து ஆள்கள் வருவார்கள். இன்று பேராக்கில் எத்தனை தமிழ்ப் பையன்கள் தேசியப் பயிற்சிக்குக் கூப்பிடப்படுகிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை சங்கத்துக்கு நான் இரண்டு முறை கடிதமாக எழுதிவிட்டேன்.

கிள்ளான்காரன் | நள்ளிரவு 1:03

ஐயா, மூன்றாவது கடிதத்தில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக 121ஐ விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொரு கேள்வி. ஃபிஃபா ஆசியான் கிண்ணம் என்று அக்டோபரில் கோலாலம்பூரில் அறிவித்தார்களே, அது ஃபிஃபா நாள்காட்டிக்குள் நடக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் மலேசியா, இந்தோனேசியா ஆட்டத்துக்கு எடை 5 இல்லையே?

புள்ளிக்கணக்கு | நள்ளிரவு 1:11

நாள்காட்டிக்குள் நடந்தால் குறைந்தது 10. சம பலத்தில் இருக்கும் இரண்டு அணிகள் மோதினால் வென்றவருக்கு 5 கூடும், தோற்றவருக்கு 5 குறையும். இன்றைய நிலையில் ஓர் ஆட்டமே உங்கள் இரண்டு பேர் இடத்தையும் மாற்றிப் போட்டுவிடும்.

ஜகார்த்தாவாசி | நள்ளிரவு 1:14

அப்படியானால் புங் கர்னோவில் வைக்கச் சொல்லுங்கள். கிள்ளான் தம்பிக்கு டிக்கெட் நான் எடுக்கிறேன், தங்குவதும் என் வீட்டில். அரங்கிலிருந்து பத்திரமாக வெளியே கூட்டி வருவதும் என் பொறுப்பு.

கிள்ளான்காரன் | நள்ளிரவு 1:16

வருகிறேன் அண்ணே. மஞ்சள் சட்டையில்தான் வருவேன்.